கால் மாற்றும் நாளில் அடித்த ஆணி

முதலில் என் கண்ணில் பட்டது தச்சரின் கால் வளையத்துக்குள் சுற்றியிருந்த ஒரு நீலத் துணி. அதிலிருந்துதான் சொல்லத் தொடங்கினேன். விசாரணை அதிகாரி ஐயா என்னை நிறுத்தி, யார், என்ன வயது, எங்கே குடியிருப்பு என்பதை முதலில் சொல்லச் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு மீண்டும் துணிக்கு வருகிறேன்.

நான் சிறைக் குடியிருப்புப் பட்டறைக் கொல்லரின் இளைய மகள். வயது பதினெட்டு. பட்டறையில் துருத்தி இழுப்பதால் எல்லோரும் என்னைத் துருத்தி என்றே கூப்பிடுவார்கள், நானும் திரும்பிப் பார்ப்பேன். பட்டறைக்குப் பின்பக்கம் உள்ள இரண்டு அறை வீட்டில் அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் இருந்தோம். அம்மா காலமாகிவிட்டார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். அதன் பிறகு அப்பாவுக்குக் கண் மங்கத் தொடங்கியதால் பட்டறைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அக்காவை அனலில் நிறுத்தினால் முகம் கருகிப்போகும் என்று அப்பா சொன்னார். என் முகத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா காவலர்களின் துணிகளைத் துவைத்துக் கொடுத்துவந்தாள். அவளுக்கு வயது இருபத்து மூன்று.

கைதிகள் காட்டில் மரம் அறுக்கிறவர்கள். ஒரு ரம்ப வாளுக்கு இரண்டு பேர். ஒருவர் காலையும் மற்றவர் காலையும் ஒரே சங்கிலியில் சேர்த்திருக்கும். ஒரே காலில் வளையம் கிடந்தால் புண்ணாகி ஆள் வேலைக்கு உதவாமல் போவான் என்பதால், மாதம் ஒருமுறை வளையத்தை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றவேண்டும். அதைக் கால் மாற்றும் நாள் என்போம். அன்று பழைய ஆணியை உளியால் வெட்டி எடுத்துவிட்டு, புது ஆணியைப் பழுக்கக் காய்ச்சி வளையத்தின் துளையில் செருகி, இரண்டு பக்கமும் தட்டிப் பரத்திவிடுவோம். இதை அப்பாதான் செய்கிறார் என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கிறது. ஆனால் ஒன்றரை வருடமாக ஆணி அடிப்பது நான். அப்பா பக்கத்தில் நின்று சுத்தியலை வைத்துக்கொண்டிருப்பார். இது தெரிந்தால் அப்பாவின் வேலை போய்விடும் என்பதால் வெளியே சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

தச்சர் என்று நான் சொல்வது ஓடிப்போன கைதிகளில் ஒருவரை. வேலை இடத்தில் மேஸ்திரியைக் குத்திவிட்டு வந்தவர் என்று கேள்வி. அவரோடு சங்கிலியில் இருந்தவன் நெட்டையன். கோழியில் ஆரம்பித்துக் குதிரை வரைக்கும் திருடியவன். அதை அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான். தச்சர் ஒரு கால் மாற்றும் நாளில், என் துருத்தியின் கைப்பிடி உடைந்து துணி சுற்றியிருப்பதைப் பார்த்து, என் உள்ளங்கையை ஒரு நூலால் அளந்துகொண்டு போனார். அடுத்த முறை வரும்போது மரத்தில் கைப்பிடி செதுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். என் விரல்கள் பதிகிற இடத்தில் விரலுக்கு ஒன்றாகப் பள்ளம் வைத்திருந்தார். அதுவரை என் கையை யாரும் அளந்ததில்லை.

அதற்குப் பதிலாக நான் துருத்தித் தோலில் மிஞ்சிய மெல்லிய துண்டை எண்ணெயில் ஊறவைத்து, காலில் வளையம் உரசாமல் இருக்க அவரிடம் கொடுத்தேன். அவர் சிரித்து வாங்கிக்கொண்டார். அதன் பிறகு வந்தபோதெல்லாம் என்னிடம் பேசுவார். எங்கள் வீட்டில் பாடுவது யார், ஆற்றங்கரையில் துணி அடிக்கிற கட்டை யாருடையது, இரண்டு பேரும் ஒரே அம்மா வயிற்றில் பிறந்தவர்கள்தானா என்றெல்லாம் கேட்டார். என்னிடம் பேசுவதற்காகக் கேட்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

அதன் பிறகு வந்த கால் மாற்றும் நாளில்தான் நீலத் துணியைப் பார்த்தேன். தச்சர் காலில் நான் கொடுத்த தோல் இல்லை. நீலத் துணி இருந்தது. அதன் ஓரத்தில் வெள்ளை நூலால் போட்ட தையல். அந்தத் தையலை நான் வீட்டில் தினமும் பார்க்கிறேன், அது அக்காவின் பாவாடை உள்மடிப்பு. என் தோல் நெட்டையன் காலில் இருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்த நெட்டையன், "தச்சன்தான் குடுத்தான் பாப்பா. அவனுக்குத் தோல் கடிக்குதாம். எனக்கு எது போட்டாலும் கடிக்காது, நான் எருமை" என்றான். தச்சர் அவனை முழங்கையால் இடித்தார். நான் துருத்தியை இழுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் அக்காவின் பாவாடையைக் கொடியிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். உள்மடிப்பு வெட்டப்பட்டு, வெளியே தெரியாதபடி மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. அக்கா எப்போதும் தையலைச் சுத்தமாகப் போடுவாள். அதன் பிறகு அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். வேலை முடிந்து கைதிகளை ஆற்றங்கரை வழியாகக் கூட்டிவந்து தண்ணீர் குடிக்க விடும் நேரத்தில்தான் அவள் கடைசித் துணியை அலசுவாள், அது எனக்கு அதுவரை தெரியாது. அவள் பாடுவது நின்றுவிட்டால், அவர்கள் கடந்து போய்விட்டார்கள் என்று பொருள். ரொட்டியில் பெரிய துண்டை எனக்கு வைக்கத் தொடங்கினாள். பசிக்கவில்லை என்பாள். பசி இல்லாதவள் முகம் அப்படிப் பளபளவென்று இருக்குமா என்று நினைத்துக்கொண்டு நான் இரண்டு துண்டையும் சாப்பிட்டேன்.

அதன் பிறகு ஒரு நாள் அக்கா என் தலையைச் சீவிவிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். தச்சரும் அவளும் சேர்ந்து வாழ முடிவு செய்துவிட்டார்கள் என்றும், மலைக்கு அந்தப் பக்கம் அவருடைய சித்தப்பா படகுத்துறையில் வேலை செய்கிறார் என்றும், போய்ச் சேர்ந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். தண்டனை இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்டேன். சாகும் வரை என்றாள். அதை எங்கள் அப்பாவுக்குக் கண் தெரியாது என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

அக்கா என்னிடம் கேட்டது இதுதான். காவலர்களின் துப்பாக்கிக்குக் குண்டு வார்க்க எங்கள் பட்டறையில் ஈயம் இருக்கும். அடுத்த கால் மாற்றும் நாளில் தச்சர், நெட்டையன் இருவர் வளையத்திலும் இரும்பு ஆணிக்குப் பதிலாக ஈய ஆணியை வைத்துக் கரியும் எண்ணெயும் தடவிவிட வேண்டும். பார்வைக்கு இரும்பு மாதிரியே இருக்கும், கத்தியால் அறுத்துவிடலாம். "உன்னை விட்டா எனக்கு யாருடீ இருக்கா?" என்றாள். சரி என்றேன். எங்கே சந்திப்பீர்கள் என்று கேட்டேன். சதுப்புக்கு அப்பால், கரி சுடுகிறவர்கள் விட்டுப்போன பழைய சூளை என்றாள். சின்ன வயதில் அப்பாவோடு கரி எடுக்க நாங்கள் இருவரும் போன இடம் அது.

அந்தக் கால் மாற்றும் நாளில் நெட்டையன் வளையத்தில் ஈய ஆணியை வைத்தேன். தச்சர் வளையத்தில் இரும்பு ஆணியை வைத்தேன்.

ஏன் என்று ஐயா கேட்டார். ஜோடியில் முதலில் நடக்கிறவரின் வளையத்தைக் காவலர் தடியால் தட்டிப் பார்ப்பது வழக்கம், முதலில் நடக்கிறவர் தச்சர், ஈயமாக இருந்தால் சத்தம் மந்தமாகக் கேட்டு மாட்டிக்கொள்வார்கள், அதனால் இரும்பு வைத்தேன் என்று சொன்னால் நம்பும்படி இருக்கும். இங்கே வரும் வழியில் அப்படிச் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் ஆணியைக் கையில் எடுத்தபோது அது என் நினைவில் இல்லை. அறைக்குப் போனதும் இருவரும் ஆணியைக் கீறிப் பார்ப்பார்கள், தன்னுடையது இரும்பு என்று தச்சருக்குத் தெரியவரும், அடுத்த முறை வரும்போது அவர் அக்காவிடம் அல்ல, என்னிடம் வந்து கேட்பார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னிடம் கேட்கவேண்டும் என்று இருந்தது. கேட்டிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பேன். தச்சர் காலில் ஆணியைத் தட்டும்போது சூடு படாமல் இருக்க ஈரத் தோலை அடியில் வைத்துத்தான் தட்டினேன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணால் நன்றி சொன்னார்.

அவர்கள் கீறிப் பார்க்கவில்லை. ஈயத்தைக் கீறினால் வெள்ளையாக மின்னும், ஓடும் நாள் வரை தொடவே கூடாது என்று அக்கா அவர்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். அது எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் யோசித்துச் செய்கிறவள் அவள்.

அதன் பிறகு ஒரு நாள் காட்டில் மூடுபனி இறங்கியபோது எச்சரிக்கை மணி அடித்தது. ஒரு ஜோடி ஓடிவிட்டது என்றார்கள். அக்கா துணி கொடுக்கப் போவதாகச் சொல்லிக் காலையிலேயே போயிருந்தாள், திரும்பவில்லை. தேடும் படை ஆற்றுப் பாதையில் போனது. மறுநாள் விடிந்ததும் அப்பா என்னிடம், "எங்க போயிருப்பான்னு உனக்குத் தெரியும். கூட்டிக்கிட்டு வந்துரு" என்று மட்டும் சொன்னார். அழவில்லை. ஆறிப்போன அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் ரொட்டியும் உப்பும் கட்டிக்கொண்டு, ஆணி வெட்டும் உளியையும் சிறிய சுத்தியலையும் துணியில் சுற்றி அதே மூட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

சதுப்பில் முன்பு போட்டிருந்த பலகைகள் உளுத்துப்போயிருந்தன. முழங்கால் வரை தண்ணீரில் நடந்தேன். காலில் அட்டைகள் ஏறின. உப்பு இருந்ததால் பிடுங்க முடிந்தது. வழியெல்லாம், தச்சர் என்னைப் பார்த்ததும் என்ன சொல்வார் என்பதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். உளியை நீட்டும்போது நான் என்ன சொல்லவேண்டும் என்றும் ஒத்திகை பார்த்தேன். என்னால் நாலு பேர் முன்னால் பேசவே முடியாது என்பதால் எப்போதும் அப்படித்தான்.

சூளைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. சூளையின் உடைந்த கூரைக்கு அடியில் மூவரும் இருந்தார்கள். நெட்டையன் விடுதலையாகி உட்கார்ந்திருந்தான். தச்சர் காலில் வளையம் அப்படியே இருந்தது. முழுச் சங்கிலியும், நெட்டையன் கழற்றிய வளையமும் சேர்ந்து அவர் ஒருவர் காலில் தொங்கின. சங்கிலியைத் தொடை வரை சுற்றிக் கட்டிக்கொண்டுதான் அவ்வளவு தூரம் ஓடிவந்திருக்கிறார். அந்தக் கால் அக்காவின் மடியில் இருந்தது. அவள் வளையத்துக்கு அடியில் ஊதிக்கொண்டிருந்தாள்.

தச்சர்தான் என்னை முதலில் பார்த்தார். "அடடே, மச்சினிச்சி வந்தாச்சு. இனிமே என்ன கவலை" என்றார்.

அந்த முறை சொல்லி அதுவரை என்னை யாரும் கூப்பிட்டதில்லை. நெட்டையன் சிரித்துவிட்டு, "ஒருத்திக்கே சோறில்ல, சீர்வரிசையோட ரெண்டாவது வருது" என்றான். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஊதுவதை நிறுத்தாமல், "உளி கொண்டாந்தியா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொன்னேன்.

அந்தச் சொல் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒருமுறை இல்லை என்று சொன்ன பிறகு, எந்த முகத்தோடு மூட்டையை அவிழ்ப்பது என்று தெரியவில்லை. நேரம் ஆக ஆக அது இன்னும் கஷ்டமாகிவிட்டது. அக்கா என்னைத் திட்டவில்லை. பரவாயில்லை, இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு என்று சொல்லி என் தலையைத் துவட்டிவிட்டாள். பிறகு அந்தத் துணியைக் கொண்டுபோய் மறுபடியும் அவர் காலுக்கு அடியில் வைத்தாள்.

நெட்டையன் மட்டும், தன் ஆணி வெண்ணெய் மாதிரி அறுபட்டது என்றும், தச்சன் ஆணியில் கத்தி முனைதான் மழுங்கியது என்றும், கொல்லர் வீட்டுக் கணக்கு புரியவில்லை என்றும் சொன்னான். ஈயம் பற்றாமல் போயிருக்கும் என்று எனக்குப் பதிலாக அக்கா சொன்னாள்.

அதன் பிறகு மலைப் பக்கமாக நடந்தோம். பாதை என்று ஒன்றும் இல்லை. விழுந்த மரங்களுக்கு மேலும் அடியிலுமாகப் போகவேண்டியிருந்தது. நெட்டையன் முன்னால் போனான். தச்சர் ஒரு கையால் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு, மறு கையை அக்கா தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நான் கடைசியில் வந்தேன். நான் மாற்றித் தாங்குகிறேன் என்று இரண்டு முறை கேட்டேன். நீ சின்னப் பெண், மூட்டையைப் பார்த்துக்கொள் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த மூட்டையில்தான் உளி இருந்தது. சங்கிலி மரவேரில் மாட்டும்போதெல்லாம் தச்சர் தடுமாறுவார், அக்கா அவரை இடுப்பில் பிடிப்பாள். மாட்டாத இடத்திலும் பிடித்துக்கொண்டுதான் போனாள். அதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ரொட்டி குறைந்தது. மரப்பட்டையைச் சுரண்டித் தின்றோம். நெட்டையன் தன் காலில் சுற்றியிருந்த தோலை அவிழ்த்து, தண்ணீரில் வேகவைத்து, நான்காகக் கிழித்துக் கொடுத்தான். அது நான் தச்சருக்கு எண்ணெயில் ஊறவைத்துக் கொடுத்த தோல். தச்சர் தன் பங்கை அக்காவிடம் நீட்டினார். அவள் அதை மென்றாள். நான் என் பங்கை மெல்ல முடியாமல் பையில் வைத்துக்கொண்டு, பிறகு பசி தாங்காமல் மென்றேன்.

அதன் பிறகு, இப்படியே போனால் மலையைத் தாண்ட முடியாது என்று நெட்டையன் வளையத்தை உடைக்கப் பார்த்தான். தச்சர் காலை ஒரு பாறைமேல் வைத்து, இன்னொரு கல்லால் ஆணித் தலையில் அடித்தான். ஆணியைக் கல்லால் உடைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். பரத்திய இரும்பு கல்லடிக்கு இன்னும் பரந்துதான் போகும். அவன் அடித்துக்கொண்டே இருந்தான். நான் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். இந்த அடிக்கு அப்புறம் சொல்லிவிடலாம், இந்த அடிக்கு அப்புறம் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். தச்சர் வலி பொறுக்க அக்கா கையைப் பிடித்திருந்தார், அவள் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. கல் வழுக்கிக் கணுக்காலில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

மறுநாள் அந்தக் கால் வீங்கியது. அதற்கும் மறுநாள் வளையம் சதைக்குள் போய்விட்டது. ஒரு பாறை இடுக்கில் தங்கினோம். அங்கே விடியற்காலையில், அக்காவும் தச்சரும் தூங்கும்போது, நெட்டையன் மிச்ச ரொட்டியை எடுத்துக்கொண்டு போவதற்காக என் மூட்டையை அவிழ்த்தான். நான் விழித்திருந்தேன். அவன் கையில் உளி தட்டுப்பட்டது. துணியைப் பிரித்து உளியையும் சுத்தியலையும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன். அவன் ரொட்டியை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை உளியின் பக்கத்தில் வைத்துவிட்டு, மெதுவாக, "நான் திருடன்தான் பாப்பா. ஆனா பசிக்குத்தான் எடுப்பேன்" என்று சொன்னான். அதன் பிறகு போய்விட்டான். அவனை நான் மறுபடி பார்க்கவில்லை. எந்தப் பக்கம் போனான் என்று ஐயா கேட்கிறார். மழையாக இருந்ததால் தெரியவில்லை.

அவன் போன பிறகு அக்காவை எழுப்பி, நெட்டையன் ஓடிவிட்டான், இதை விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று உளியைக் காட்டினேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் திருட்டுப் பயல், இத்தனை நாள் ஒளித்துவைத்திருந்திருக்கிறான், பாவி என்றாள். நான் ஆமாம் என்றேன்.

அதன் பிறகு ஆணியை வெட்டினேன். வீக்கம் ஆணித் தலையை மூடியிருந்ததால் விரலால் சதையை ஒதுக்கிக்கொண்டு உளியை வைக்கவேண்டியிருந்தது. அக்கா அவர் தலையை மடியில் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு அடிக்கும் அவர் மயங்கி மயங்கித் தெளிந்தார். ஆணி அறுந்தது. பட்டறையில் இதற்கு ஒரு மூச்சு நேரம் போதும். வளையத்தைக் கழற்றியபோது அதன் அடியில் கால் கறுத்திருந்தது. வாடையும் வந்தது. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "கெட்டிக்காரி" என்றார். அவர் என்னிடம் மட்டுமாகச் சொன்ன கடைசிச் சொல் அதுதான்.

அதன் பிறகு காய்ச்சல் வந்தது. காய்ச்சலில் அவர் மரம் அறுத்துக்கொண்டிருந்தார். வாள் இழுக்கிற ஜோடியில் ஒருவர் "இழு" என்றால் மற்றவர் "விட்டேன்" என்று சொல்லித் தன் பக்கத்துப் பிடியைத் தளர்த்தவேண்டும். இல்லாவிட்டால் வாள் மடங்கிவிடும். அவர் "இழு" என்று சொல்லிவிட்டு, பதில் வராததால் தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினார். அக்கா அவர் காதருகில் குனிந்து "விட்டேன்" என்றாள். அவர் அமைதியானார். அப்படியே பகல் முழுவதும் போனது. அவர் சொல்லச் சொல்ல அவள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பட்டறையில் இருந்தது நான். வாள் தீட்டிக் கொடுத்ததும் நான்.

அவள் தண்ணீர் பிடிக்க இறங்கியபோது அவர் "இழு" என்றார். நான் குனிந்து "விட்டேன்" என்றேன். அவர் நிறுத்தினார். கண்ணைத் திறக்காமல், "யாரு?" என்று கேட்டார்.

அக்கா ஓடிவந்து "விட்டேன், விட்டேன்" என்றாள். மாலைக்குள் அவர் இறந்துபோனார்.

தேடும் படை எங்களைக் கண்டுபிடித்தபோது அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தலைமைக் காவலர் கேட்ட எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். அப்பாவுக்குத் தெரியாமல் ஈய ஆணி வார்த்தது தான் என்றும், வளையத்தில் வைத்தது தான் என்றும், உளியைத் திருடியது தான் என்றும், காலை உடைத்தது நெட்டையன் என்றும், தங்கை தன்னை வீட்டுக்குக் கூட்டிப்போகத் தேடி வந்தவள், வேறு ஒன்றும் அறியாதவள் என்றும் சொன்னாள். அவர்கள் நம்பினார்கள். என்னைப் பார்த்தால் எல்லோரும் அப்படித்தான் நம்புவார்கள்.

திரும்பி வரும் வழியில், கை கட்டப்பட்டிருந்தபோதும், அவள் என் பக்கமாக நடந்து, அப்பாவிடம் ஒன்றும் சொல்லாதே, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். இரும்பு ஆணி பற்றி அவள் என்னிடம் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை நானும் கேட்கவில்லை.

குடியிருப்புக்கு வந்ததும், கைதியின் மனைவி என்று தன்னை எழுதிக்கொள்ளும்படி அக்கா கேட்டிருக்கிறாள். அப்படியே எழுதினார்கள். தச்சரோடு ஓடியவள், தச்சருக்காக ஆயுள் முழுக்கத் தண்டனை ஏற்றவள் என்று துணி துவைக்கிற பெண்கள்கூடப் பேசிக்கொண்டார்கள். சிலர் அழுதார்கள். நான் அவர்கள் நடுவில் வாளியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதுவரை சொன்னதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. யாரும் என்னை மிரட்டவோ சொல்லிக்கொடுக்கவோ இல்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. இன்று காலையில் நடந்தது மட்டும் பாக்கி. அதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

இன்று காலை அக்காவைப் பெண்கள் சிறைக்குக் கொண்டுபோகும் படகு புறப்படுவதற்கு முன்பாக, வளையம் போடுவதற்குப் பட்டறைக்குக் கூட்டிவந்தார்கள். அப்பா சுத்தியலோடு நின்றார். தலைமைக் காவலர் எந்தக் கால் என்று சொல்வதற்கு முன்பே, அக்கா பாவாடையைக் கொஞ்சம் உயர்த்தி, இடது காலை எடுத்துப் பட்டறைக் கல்மேல் வைத்தாள். தச்சருக்கும் அந்த மாதம் இடது கால்தான். புதுக் கொலுசு போடப் போகிறவள் மாதிரி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தச்சர் காலில் அந்த ஆணியை அடித்தது நான். அந்தக் காலைக் கெடுத்தது நான். அந்த வளையம் எனக்கு வரவேண்டியது. அதுவும் அவளுக்கே போகிறது.

அப்பா என்னைப் பார்த்து, "இழும்மா" என்றார்.

நான் துருத்தியை விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, இங்கே நடந்து வந்தேன்.

கையொப்பம்:
துருத்தி, கொல்லரின் இளைய மகள்